அறுபதாம் பக்கத்துக் கையெழுத்து

காதல் நாவலைப் படித்துவிட்டு, 'தோட்டத்தின் மூலப்பத்திரம் இப்போது யார் கையில்?' என்று கவலைப்பட்ட ஒரே வாசகி, எனக்குத் தெரிந்து, எங்கள் வில்லங்கம் அக்காதான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அவர் பத்திர எழுத்தர். நான் அவரிடம் டைப் அடித்தேன். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் கிழக்கே வேலி, மேற்கே ஓடை என்று அடித்து அடித்து எனக்கு நான்கு திசையும் வெறுத்துப்போயிருந்தது. நிலத்தின் மேல் கடனோ வழக்கோ உண்டா என்று வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அக்கா பேனாவைத் தொடமாட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடமே, "மாப்பிள்ளைக்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு வயதே இருபத்தெட்டு. வந்தவர் அப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்காவிடம் இருந்தது ஒரே நாவல். அட்டைகூடப் போய்விட்டது. தாய் தகப்பன் இல்லாத மிருதுளாவுக்குப் பெரிய காப்பித் தோட்டம். சேகர் என்பவன் கவிதை சொல்லியே அவளைக் கட்டிக்கொள்கிறான். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்கிறான். அறுபதாம் பக்கத்தில் அவள் படிக்காமல் கையெழுத்துப் போட, தோட்டம் போகிறது. கடைசியில் அவன் அழுகிறான், இவள் மன்னிக்கிறாள். அக்கா அதைப் பதினோரு தடவை படித்திருந்தார், சிவப்புப் பேனாவோடு. 'அவன் தோளில் சாய்ந்து உலகை மறந்தாள்' என்ற வரிக்குப் பக்கத்தில், 'பட்டா யார் பேரில்?' என்று எழுதியிருந்தார்.

"புடிக்கலன்னா எதுக்குங்கக்கா திரும்பத் திரும்பப் படிக்கறீங்க?"

"ஒருக்காவாச்சும் அந்தப் புள்ள படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதான்னு பாக்கறேன்டி."

எந்தப் பத்திரத்திலும் 'படித்துக் காட்டக் கேட்டு, சம்மதித்து' என்று ஒரு வரி வரும். எல்லா எழுத்தரும் அதை எழுதுவார்கள். அக்கா மட்டும்தான் படித்தும் காட்டுவார், எல்லை அளவு உட்பட, நிறுத்தி நிதானமாக. பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மீதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

ஒருநாள் கம்பைநல்லூர் பக்கத்திலிருந்து கீதா என்ற பெண் புருஷனோடு வந்தாள். கல்யாணமாகி நாலு மாதம். பெற்றவர்கள் இல்லை. கிணற்றோடு மூன்று ஏக்கர் அவள் பேரில் இருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டுமாம், அதனால் தன் சார்பில் கையெழுத்துப் போடப் புருஷன் பேருக்குப் பவர் எழுதித் தர வந்திருந்தாள். அவன் என்னிடம் ஒரு நகலை நீட்டினான்.

"இதப் பாத்து அப்படியே அடிச்சிருங்க. படிச்சுக் காட்டறதெல்லாம் வேணாங்க, நேரமாவுது."

நானும் அடித்துக் கொடுத்தேன். என்ன அடித்தேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. அந்த அளவுக்கு அலுப்பு.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். "மேற்படி சொத்தை அடமானம் வைக்கவும், கிரயம் செய்யவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்..."

கீதா நிமிர்ந்தாள். "அக்கா, அத இன்னொருக்காப் படிங்க."

அக்கா இன்னும் மெதுவாகப் படித்தார். நான் அவசரமாக அந்த நகலை எடுத்துப் பார்த்தேன். அடித்தவள் நான்தானே.

"கிரயம்னா விக்கறதுதானே? கரண்டுக்குன்னுதானே சொன்னீங்க?" என்று கீதா புருஷனைக் கேட்டாள்.

"அது ஃபார்மட்டும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"ஆமாங்க," என்றார் அக்கா. "விக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

அவன் கீதா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "எம்மேல நம்பிக்கை இல்லியா?"

அக்கா என்னைப் பார்த்தார். "அம்பத்தெட்டாம் பக்கம்," என்றார்.

அவனுக்குப் புரியவில்லை. நான் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்து விழாத பேனாவைத் தேடினேன். மேலே கீதாவின் குரல் கேட்டது. "நம்பிக்கை இருக்குதுங்க. ஆனா அது எங்கப்பா வெட்டுன கெணறு. கரண்டுக்கு மட்டும் எழுதுங்கக்கா, போதும்."

அவன் வெளியே போய் வண்டியை உதைத்தான். பத்திரத்தை மாற்றி எழுதுகிற வரைக்கும்கூட அவன் நிற்கவில்லை. கீதா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அடுத்த வாரம் தனியாக வந்து, கரண்ட் மனுவைத் தன் பேரிலேயே எழுதச் சொன்னாள். புருஷனைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனுவை மட்டும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

அவள் போனபின் அக்கா மேசைமேல் தலையைச் சாய்த்தார். "நூறு பேருக்குப் படிக்கறேன், ஒருத்தி காதுகுடுத்துக் கேக்கறா. அசதியா இருக்குதுடி."

எனக்கு வரன் அமைந்தபோது, மாப்பிள்ளையை நான் முதலில் அழைத்துப்போய்க் காட்டியது அக்காவிடம்தான். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உம்பேருல நெலம் கிலம் இருக்குதா?"

"ஒரு சென்ட்டுகூட இல்லீங்கக்கா."

"அப்பப் பயமில்ல. உனக்காகத்தான் வந்திருக்கான், கட்டிக்க," என்றார். சொன்னாரே தவிர, பிடித்த என் கையை மட்டும் வெகுநேரம் விடவில்லை.