ஐந்தாவது ஹார்ட்டின்

நாலு ஹார்ட்டின் சேர்ந்துவிட்டது. கையில் ஏஸும் எட்டும், எல்லோருக்கும் பொதுவாக மேஜைமேல் திறந்த மூன்றில் ராணியும் நாலும். இன்னும் இரண்டு சீட்டு திறக்க வேண்டும். அதில் ஒன்று ஹார்ட்டினாக வந்தால் ஆட்டம் பல் டாக்டருடையது. வராவிட்டால் அவர் கையில் இருப்பது வெறும் அட்டை.

எதிரே அவர் மனைவி வலது கையால் டோக்கன்களைப் பொறுக்கி நடுவில் வைத்தாள். இரண்டு வைப்பதற்குள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதை டாக்டர் பார்த்தார்.

"ரெண்டு கட்டியிருக்கேன். சொல்லுங்க."

"ம்" என்றார் டாக்டர்.

ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் அவள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. "சீட்டு ஆடுங்க, சின்னச் சாமானைப் பொறுக்குங்க, அதான் மருந்து" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஞாயிறு மதியம் என்றால் போக்கர், அவளும் வந்து உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் மூடிவிட்ட கிளினிக்கிலிருந்து வந்த நோயாளி டோக்கன்கள்தான் பந்தயக் காசு. ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன் பஸ் ஓட்டும் மச்சினன். முதல் இரண்டு சுற்றில் இரண்டிரண்டாகத்தான் ஏற்றலாம், பிறகு நாலு நாலாக, ஒரு சுற்றில் மூன்று தடவைக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அளவு வைத்ததும் அவன்தான். அளவில்லாமல் விட்டால் அக்கா டப்பாவோடு கவிழ்த்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"நான் மடிச்சிட்டேன்" என்று சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகினாள் பிசியோதெரபிஸ்ட். அவள் எப்போதும் மடித்துவிடுவாள்.

டாக்டர் யோசித்தார். மடித்தால் மனைவிக்குச் சந்தோஷம். ஆனால் போன வாரம் அப்படித்தான் நல்ல சீட்டை மடித்தார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரிதாபமா? எம்மேலயா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு புதன்கிழமை வரை சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் சத்தம் போட்டது. சும்மா இரண்டை வைத்துக் கூடவே போகலாம். ஏற்றவும் செய்யலாம். ஏற்றினால் அவள் இன்னும் நிறைய டோக்கன் பொறுக்க வேண்டும். விரலுக்கு நல்லது, வலிக்கும்.

"என்னங்க, பல்லா பிடுங்குறீங்க? இவ்வளவு நேரம்!"

"ஏத்துறேன்" என்று நாலை வைத்தார்.

"அப்படிப் போடுங்க அத்தான்!" என்ற மச்சினன், "நான் ஆறு" என்றான்.

"எட்டு" என்றாள் மனைவி. விரலில் நிற்காமல் இரண்டு டோக்கன் உருண்டு மேஜைக்கடியில் போயின. டாக்டர் குனிந்து பொறுக்கிக்கொண்டு எழும்போது மண்டையை மேஜையில் இடித்துக்கொண்டார். அந்த அதிர்வில் இன்னும் பத்துப் பதினைந்து டோக்கன் கீழே சிதறின.

"உதவி பண்ணாதீங்கன்னா கேக்குறீங்களா?"

"நீ பொறுக்கினா வலிக்குமேன்னு..."

"வலிக்கட்டும். இப்ப உங்களுக்கும்தானே வலிக்குது."

டாக்டரும் மச்சினனும் எட்டுக்கு ஈடு கொடுத்தார்கள். அடுத்த சீட்டு ஸ்பேட் பத்து. உதவாது.

மனைவி நாலை வைத்தாள்.

"அத்தான், இனிமே அஞ்சுல ஒரு தடவைதான் வரும். சும்மா கூடப் போங்க, ஏத்தாதீங்க" என்றான் மச்சினன், தன் நல்ல மனசில்.

டாக்டருக்கு வேறு கணக்கு ஓடியது. சீட்டு வராவிட்டால் பணயம் மச்சினனிடம் போய்விடக்கூடாது. இவனை இப்போதே வெளியே அனுப்பிவிட்டால், வந்தால் எனக்கு, வராவிட்டால் அவளுக்கு.

"எட்டு" என்றார்.

மச்சினன் அவர் முகத்தையே பார்த்தான். "என்கிட்ட ரெண்டு ராஜா இருக்கு. ஆனா அத்தான் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல" என்று சீட்டைக் கவிழ்த்தான்.

"நான் பாத்திருக்கேன்" என்றாள் மனைவி. "பன்னிரண்டு."

திட்டம் அவர் தலையிலேயே விழுந்தது. டாக்டர் டோக்கன்களை எண்ணி வைத்தார். மேஜை நடுவில், கிளினிக்கில் ஒரு நாள் காத்திருக்கும் கூட்டமே டோக்கனாகக் குவிந்திருந்தது.

கடைசிச் சீட்டைத் திறந்தான் மச்சினன். ஹார்ட்டின் ரெண்டு.

அவள் நிதானமாக நாலு டோக்கனை நகர்த்தினாள். கண்ணில் அப்படியொரு வெளிச்சம். இப்போது மடித்துச் சீட்டை அடுக்குக்குள் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த வெளிச்சமும் அணையாது. கை அடுக்கை நோக்கிப் போயேவிட்டது.

முப்பது வருஷமாகத் தனக்குச் சமமாகச் சண்டை போட்டவள். அவளைப் போய் ஏமாற்றுவதா? கையை இழுத்துக்கொண்டார்.

"ஏத்துறேன். எட்டு."

"பாக்குறேன்" என்று இன்னும் நாலை வைத்தவள், தன் சீட்டைத் திறந்தாள். கையில் இரண்டு, மேஜையில் ஒன்று, மூன்று ராணிகள்.

டாக்டர் ஏஸையும் எட்டையும் வைத்தார். ஐந்து ஹார்ட்டின்.

பிறகு அவள் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "அடப்பாவி மனுஷா! ஒண்ணுமே இல்லாமலா என்னை இவ்வளவு தூரம் இழுத்தீங்க?"

"ஒண்ணுமில்லையா? நாலு சீட்டு இருந்துச்சே! முதல்ல ரெண்டு பேர் எதிர்ல இருந்தீங்க, மூணுல ஒரு தடவை வரும், ஏத்தினது நியாயம். அப்புறம் ஏத்தினது இவனைத் துரத்த. ரெண்டு ராஜாவை எவனாவது மடிப்பானா?"

"உங்க முகத்தை நம்பி மடிச்சேன் அத்தான்!"

"பல் டாக்டர் முகத்தை நம்பலாமா? வலிக்காதுன்னு சொல்லித்தானே ஊசி போட்டேன் இத்தனை வருஷம்!"

மூவரும் சத்தமாகச் சண்டை போட்டார்கள். அவர் எழுந்து நின்றுகொண்டு, கையை ஆட்டி, ஒவ்வொரு சுற்றையும் மறுபடி ஆடிக் காட்டினார். டீ ஆறிப்போனது. அவள் கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் கிளம்பும்போது டாக்டர் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இன்னைக்கு அவளுக்கு ரொம்ப வேலை கொடுத்துட்டேன். அந்த விரல் சரியாக இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அம்மா விரல் எப்பவோ குணமாயிடுச்சு சார், கிளினிக்கை மூடினதுலேர்ந்து 'ம்'முக்கு மேல பேசாத உங்களுக்குத்தான் இந்த வைத்தியம்."