வள்ளலிடம் கேட்ட பத்து நிமிஷம்

வள்ளல்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாரிக் கொடுப்பார்கள். ஒரகடத்துக்கு வாய்த்தவர் பாண்டுரங்கன்.

தொண்ணூற்றெட்டில் குன்றத்தூர் மாடி அறையொன்றில், ஒரு டேபிள் ஃபேனும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. தொழிற்சாலை வாசலில் கார்டைத் தேய்த்தால் வந்த நேரத்தை நொடி சுத்தமாகக் குறித்துக்கொள்ளும் மெஷினுக்கு மூளை எழுதியவர் அவர்தான். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அரை நாள் ஆப்சென்ட். அதற்குக் கண்ணீரும் தெரியாது, சிபாரிசும் தெரியாது. அதனாலேயே மறைமலை நகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி கம்பெனியாகச் சுவரேறியது. இரண்டாயிரத்து நாலில் வெளிநாட்டுக்காரர்கள் அதை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அவரை ஆலோசகர் என்று ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

நாற்பத்தாறு வயதில் சும்மா உட்கார்ந்த மனிதர் என்ன செய்வார்? சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். கதர் ஜிப்பா வந்தது. பேச்சில் 'நான்' போய் 'நாம்' வந்தது. மனைவி ரத்னா காப்பியில் சர்க்கரை போட மறந்தால்கூட, நாம் பக்குவப்படுகிறோம் என்றார். கூரை ஒழுகிய பள்ளிக்கூடத்துக்கு இருபது கம்ப்யூட்டர் கொடுத்தார். மழை வந்தபோது பிள்ளைகள் அவற்றுக்குக் குடை பிடித்தார்கள். குடிதண்ணீர் கேட்ட ஊருக்குத் தியான மண்டபம் கட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக்குப் போனார். கூச்சப்படாமல் என்ன வேண்டுமானாலும் கேட்கச் சொன்னார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த உலகம்மாள் எழுந்தாள். கம்பெனி பஸ்தான் தங்களைக் கூட்டிப் போகிறது, ரோடு வேலையால் அது பிந்தினாலும் தங்களுக்குத்தான் அரை நாள் போகிறது என்று நிதானமாக விளக்கினாள்.

"வேற ஒண்ணும் வேண்டாம் சார். உங்க மிஷின்ல ஒரு பத்து நிமிஷம் மட்டும் விட்டுக்குடுக்கச் சொல்லுங்க."

பாண்டுரங்கனுக்குச் சுருக்கென்றது. காரில் திரும்பும்போது செல்போனை எடுத்தார். ஆலோசகர் சொன்னால் கேட்பார்கள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் நொடி பிசகாதது என்று ஆறு வருஷம் மேடைக்கு மேடை முழங்கிய வாயால் அதை எப்படிச் சொல்வது? போனை ஜிப்பாப் பையில் போட்டுவிட்டு, இந்தப் பெண்களுக்கு நேரத்தின் அருமையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லையே என்று டிரைவர் ஐயனாரிடம் வருத்தப்பட்டார்.

"பஸ்ஸு லேட்டா வந்தா அதுங்க இன்னா சார் பண்ணும்?" என்றார் ஐயனார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது பாண்டுரங்கன் காதில் விழவில்லை. அதற்குள் அவருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது.

மூன்றே மாதத்தில் கூட்டுரோட்டில் நாற்பதடி மணிக்கூண்டு எழுந்தது. காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் போகும் நேரத்தில் திறப்பு விழா. அப்போதுதானே தொழிலாளர்கள் பார்ப்பார்கள்? பந்தல், நாகஸ்வரம், ரோட்டை அடைத்து நாற்காலி. நேரம் தவறாமை பற்றி அவர் பேசிய நாற்பது நிமிஷமும் பதினோரு கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உலகம்மாள் முழுப் பேச்சையும் கேட்டாள். வேறு வழி? அன்று அந்த பஸ்களில் வந்த அத்தனை பேருக்கும் மெஷின் அரை நாள் ஆப்சென்ட் போட்டது.

பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து, ஒருவர்கூடக் கலையாமல் கடைசிவரை கேட்டார்கள் என்று பாண்டுரங்கன் இன்றைக்கும் நெகிழ்ந்துபோய்ச் சொல்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன தீபாவளிக்கு உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்குப் பழைய மிக்ஸியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அவர் உங்களிடம் கேட்டது ஞாயிற்றுக்கிழமை லீவுதானே?