கரட்டுக்காட்டில் உயிர் உண்டா?

பூமியில் உயிர் தழைக்கக் காற்று, வெயில், தண்ணீர் மூன்றும் வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஓர் ஆபீசில் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் கொங்கு நாட்டு ஜனங்கள் விவரம் தெரியாமலே பிழைத்துக் கிடந்தார்கள்.

கோயமுத்தூர் டவுனில் அந்த வருஷம் செவ்வாய் கிரகம்தான் நாகரிகம். யாரோ ஒருவர் வெள்ளைத் துணியில் படம் காட்டி, அங்கே மனுஷன் உண்டா இல்லையா என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து செவ்வாயைப் பற்றிப் பேசாத உத்தியோகஸ்தருக்குக் கிளப்பில் நாற்காலி கிடையாது. அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 'ஜீவராசி வாழ்தகுதிக் கமிட்டி'. எந்த ஊர் எதைக் கேட்டாலும், அங்கே உயிர் வாழ முடியுமா என்று கமிட்டி முதலில் பார்க்கும். உயிரில்லாத இடத்துக்கு உத்தரவு போய் வீணாகிவிடக் கூடாதல்லவா?

அன்னூருக்கு வடக்கே கரட்டுக்காடு என்று ஓர் ஊர். அங்கே ஊர்க்கிணறு வற்றிப் பாறை பல்லிளித்தது. வெடி வைத்து இன்னும் இருபதடி இறக்கினால் ஊற்று அகப்படும். வெடிக்கு லைசென்சு வேண்டும். ஊர்ப் பெரியதனக்காரர் அரங்கசாமி மனுப் போட்டார். அவர் சம்சாரம் ராமாத்தாள் இரண்டு மைல் நடந்து இரண்டு குடம் சுமந்து கொண்டிருந்தாள். சித்திரைக்குள் தண்ணீர் வராவிட்டால் மாடு கன்றை ஓட்டிக்கொண்டு ஊரே கிளம்ப வேண்டியதுதான்.

கமிட்டிக் காரியதரிசி அழகிரிசாமி மாசி வெயிலில் மோட்டாரில் வந்து இறங்கினார். வாசலுக்கு வந்தவர்களுக்கு என்ன செய்வார்களோ அதைத்தான் ராமாத்தாள் செய்தாள்.

"வாங்க, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

ஒரு சொம்பு அவர் குடித்தார். ஒரு சொம்பு டவாலிச் சேவகன் குடித்தான். மிச்சத்தை மோட்டார் குடித்தது. காரியதரிசி வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'குளிர்ந்த ஜலம் தாராளமாகக் கிடைக்கிறது. மனு தள்ளுபடி.'

அரங்கசாமிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஏம்புள்ள, தண்ணி இல்லேன்னு மனுப் போட்டுப்போட்டு, தண்ணியவே கொண்டாந்து நீட்டுவியா?"

"ஊட்டுக்கு வந்தவங்கள நாக்கு வறண்டு நிக்க வெக்கறதுங்களா? நாமென்ன காட்டுல பொறந்தமா?"

"காடு நம்ம பேர்லயே இருக்குது. அடுத்த தடவ சொம்பத் தொட்ட, பாத்துக்க."

மறு மனுப் போட்டார்கள். மறுபடி மோட்டார் வந்தது. ராமாத்தாள் சொம்பை மடியில் மறைத்து, அதன்மேல் முந்தானையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அழகிரிசாமிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"தண்ணீர்...?"

"இல்லீங்க." சொல்வதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவர் எழுதினார்: 'ஜலம் இல்லை. ஆகவே விஞ்ஞானப்படி இவ்விடத்தில் உயிர் இருக்க முடியாது.'

"ஏனுங்க, நாங்க இருக்கறமுங்களே?" என்றாள் ராமாத்தாள்.

"அப்படி யார் சொன்னது?"

"நாந்தானுங்க சொல்றேன்."

"மனுதாரர் தரப்பில் தங்களைப் பற்றித் தாங்களே சாட்சி சொல்லக் கூடாது."

"அந்த எரும கத்துறது கேக்குதுங்களா?"

"சத்தம் வருவது வேறு, உயிர் இருப்பது வேறு. எங்கள் ஆபீசிலும் சத்தம் வருகிறது."

"தண்ணி வந்துபோட்டா உயிர் வந்துருமுங்களா?"

"சந்தேகமில்லாமல்."

"அதுக்குத்தானுங்க வெடி கேக்கறோம்."

"உயிரே இல்லாத இடத்தில் வெடி வைத்து யாருக்கம்மா பிரயோசனம்?"

மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

பங்குனியில் கோட்டைமேட்டிலிருந்து வாணக்காரர் அமீர் ஹம்சா வந்தார். மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வேட்டுப் போடுகிறவர்.

"இந்த வருசம் நோன்பி உண்டுங்களா, பெரியம்மா?"

"பாய், உங்க வேட்டுக்கு லைசென்சு ஆரு குடுக்கறாங்க?"

"கேட்ட அன்னிக்கே குடுத்துருவாங்க. அதுக்குக் கமிட்டி கெடையாதுங்க. மனுசன் கேட்டாத்தான் கேள்வி. சாமி பேரச் சொன்னா ஆரு கேக்கப் போறாங்க?"

ராமாத்தாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"அந்த வேட்ட மானத்தப் பாத்துத்தான் உடோணுங்களா? கீழ பாத்து உட்டா ஆகாதுங்களா?"

அமீர் ஹம்சா கிணற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாடியைத் தடவினார். "மருந்துதான் கொஞ்சம் எச்சாப் புடிக்கும். மத்தபடி ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

அந்த வருஷம் கரட்டுக்காட்டு நோன்பியைக் கிணற்றுக்குள்ளேயே கொண்டாடினார்கள். வேட்டுப் போட்டார்கள், கல்லை அள்ளினார்கள், மறுபடி போட்டார்கள். ஏழு நாள் நோன்பி. ஏழாம் நாள் வேட்டில் பாறை பிளந்து ஊற்று பீறிட்டது. பெண்டுகள் குலவையிட்டார்கள்.

செய்தி கேட்டு அழகிரிசாமி அறிக்கை எழுதினார்: 'கமிட்டி இருமுறை விஜயம் செய்ததன் பலனாக, கரட்டுக்காட்டில் உயிர் உற்பத்தியாகியுள்ளது.' அவருக்கு உத்தியோகம் உயர்ந்தது. செவ்வாய்க்கே அவரை அனுப்பலாம் என்று கிளப்பில் சொன்னார்கள். அனுப்பித் தொலைத்திருக்கலாம்.

வைகாசியில் பக்கத்து நொச்சிப்பள்ளத்திலும் கிணறு வற்றியது. வெங்கடம்மாள் என்கிற சின்னப் பெண் குடத்தோடு வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை.

"ஒரு கொடந்தானுங்க அக்கா."

கிணற்று மேட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் அரங்கசாமி. எல்லோரும் ராமாத்தாளைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உங்கூர்ல எத்தன ஊடுங்க அம்மணி?"

"நாப்பதுங்க."

"நாப்பது ஊடும் இத்தன நாளும் இந்தத் தண்ணியில்லாமத்தான பொழச்சீங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க?" என்று ராமாத்தாள் ரொம்பத் தன்மையாகக் கேட்டாள்.