ஒருபக்க லேயர்

இடது பக்கத்து முடி சொன்ன பேச்சைக் கேட்டது. வலது பக்கத்து முடி கேட்கவில்லை.

கண்ணாடி முன்னால் உருண்டைச் சீப்பும் கையுமாக நின்றவளுக்கு அலுவலகத்தில் 'தெரியும் மேடம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "தெரியும்" என்றுதான் ஆரம்பிப்பாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. இன்று பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்து அம்மாள் வந்து இவள் வகுப்பைப் பார்க்கப் போகிறாள். பிடித்துப்போனால் பயிற்சிப் பிரிவுக்கே இவள்தான் தலைவி. அதற்காகத்தான் சனிக்கிழமை பார்லரில் லேயர் கட். அன்று அவசரத்தில் முடியை அள்ளிப் போட்ட கிளிப்பை இன்று காலையில்தான் அவிழ்த்துத் தலையை அலசினாள்.

டிரையரை ஓட்டிச் சுருட்டிவிட்டதும் இடது பக்கம் படிப்படியாக இறங்கி, காற்றில் பூத்து நின்றது. வலது பக்கம் மழையில் நனைந்த திரைச்சீலை மாதிரி தொங்கியது.

காரணம் அவளுக்குத் தெரியும். வலது பக்கம் சுருட்டும்போது முழங்கை சுவரில் இடிக்கிறது. கணவனைக் கூப்பிட்டாள்.

அவனுக்குத் தச்சு வேலை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையைப் பார்த்தான்.

"வலது பக்கம் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கு."

"இது கதவு இல்லீங்க. டிரையரைப் புடிங்க."

பிடித்தான். வார்னிஷ் காயவைக்கிற பழக்கத்தில் ஒரே இடத்தில் நிதானமாகப் பிடித்தான். வலது பக்கம் விறைத்துத் துடைப்பமாயிற்று.

போனால் போகிறது, ரோலர் இருக்கிறது என்றாள். ஆறு ரோலரையும் வலது பக்கமே சுற்றினாள். பத்து நிமிஷம் கழித்து ஐந்து கழன்று வந்தன. ஆறாவது காதுக்கு மேல் குடியேறிவிட்டது. உளி எடுத்து வரவா என்று கேட்டவன், அவள் பார்த்த பார்வையில் எண்ணெயை எடுத்து வந்தான். ரோலர் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் துடைப்பம் இப்போது கன்னத்தோடு அப்பிக்கொண்டது.

மணி ஒன்பதரை. திரும்ப அலச நேரமில்லை. வேறொருத்தியாக இருந்தால் தலைவலி என்று லீவு போட்டிருப்பாள்.

"மறைச்சாத்தான் தப்பு," என்று கணவனிடம் சொன்னாள். அப்பிய பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். பூத்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் பூக்கவிட்டாள். நிமிர்ந்து நடந்தாள்.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. தலைமை அலுவலகத்து அம்மாள் மட்டும் பலகையைப் பார்க்காமல் இவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, இது என்ன கட் என்று கேட்டாள்.

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவளுக்குப் பதில் தெரியாது. அதற்காக நாக்கு நிற்குமா?

"ஒருபக்க லேயர் மேடம். பார்க்கத்தான் சுலபம். வீட்ல நாமளே பண்றதுக்குக் கை பழகணும்."

அம்மாள் மரியாதையோடு தலையசைத்தாள். மத்தியானத்துக்குள் தலைவி பதவி அவளுக்குத்தான் என்று உறுதியாகிவிட்டது. கூட வேலை செய்யும் பெண்கள் சூழ்ந்துகொண்டு எந்தப் பார்லர் என்று துளைத்தெடுத்தார்கள். அவள் விலாசத்தைச் சொன்னதோடு விடாமல், யார் முகத்துக்கு எந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும் என்று கால் மணி நேரம் பாடமும் நடத்தினாள்.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது பார்லர்காரி போனில் வந்தாள்.

"அக்கா, உங்க ஆபீஸ்லேர்ந்து நாலு பேரு வந்து பாதித் தலைதான் வெட்டணும்னு உக்காந்திருக்காங்க, அது கிடக்கட்டும், சனிக்கிழமை போன் வந்ததும் பாதியிலயே எந்திரிச்சு ஓடினீங்களே, அந்த வலது பக்கத்தை எப்ப வந்து வெட்டிக்கப் போறீங்க?"