வேகமான குதிரையா ரெண்டு!

சோபாவின் கைப்பிடி படீரென்று முறிந்தபோது, மருந்துக்கடைக்காரர் அதன்மேல் கால்களை அகட்டி உட்கார்ந்து "ஹை! ஹை!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க சத்தம்?" சமையலறையிலிருந்து அவர் மனைவி, கணக்கு டீச்சர், எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மரம் உளுத்துப்போச்சு."

உளுத்தது அவர் விட்ட கதைதான். மலைநாட்டு நாடோடிகளோடு ஊர் ஊராகப் போகும் பயண விளம்பரத்தை அவளிடம் காட்டி, "குதிரையிலதான் போகணுமாம். எனக்கென்ன, குதிரை தண்ணி பட்ட பாடு!" என்று அளந்துவிட்டார். உண்மையில் அவர் ஏறிய ஒரே குதிரை, பொருட்காட்சி ராட்டினத்தில் சுற்றியது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் தனியாகப் போகும் முதல் பயணம். பூரித்துப்போன அவள் முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"கூடாரத்தையே சுருட்டிக் குதிரை மேல போட்டுக்கிட்டு, புல் இருக்கிற மலைக்குக் கிளம்பிடுவாங்களாம்! ஒட்டடை அடிக்கிற வேலையே இல்லைங்க!" ஒரு கையில் தட்டு, மறு கையில் வரைபடம். ஒரு வாரமாக அவள் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள். சந்தோஷத்தில் உட்காரக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது என்று அவர் உருகினார்.

சோபா போனதால் பயிற்சி கொல்லைப்புற மதில்சுவருக்கு மாறியது.

"சுவரை எங்க சார் ஓட்டிட்டுப் போறீங்க?" என்றார் பக்கத்து வீட்டு வக்கீல். மருந்துக்கடைக்காரர் சுவரைவிட்டு இறங்குவதற்குள் சேதி வீட்டுக்குள் போய்விட்டது.

"பழக்கம் விட்டுப்போகக் கூடாதில்ல?" என்று மனைவியிடம் சமாளித்தார். "அங்க நாலுகால் பாய்ச்சல்ல போகணுமே!"

அவள் உடனே பயண ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டுக்காரருக்குச் சோப்ளாங்கிக் குதிரையெல்லாம் சரிப்படாது. வேகமான குதிரையா ரெண்டு சொல்லிடுங்க!"

"ரெண்டா?" என்றார் கேட்டுக்கொண்டிருந்த கணவர்.

"பின்னே, நான் மட்டும் பின்னாடி நடந்தா வரணும்?" அவள் குரல் லேசாக நடுங்கியது. ஆனந்தம்தான்!

மறுநாள் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த குதிரையேற்றப் பள்ளிக்கு ஸ்கூட்டரை விட்டார். பழுப்புக் குதிரை அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அடுத்த கணம் அவர் சேற்றில் கிடந்தார்.

கைகொடுத்துத் தூக்கினார் பயிற்சியாளர்.

"மாஸ்டர், இது என் வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. பாவம், அவளுக்குக் குதிரைன்னா உயிர்."

வேலியோரம் நின்ற ஸ்கூட்டரில் எழுதியிருந்த மருந்துக்கடைப் பெயரைப் பார்த்ததும் பயிற்சியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போன வாரம் இதே வண்டியில ஒரு டீச்சரம்மா வந்து, இதே சேத்துல விழுந்தாங்க சார். எழுந்ததும் இதையேதான் சொன்னாங்க: 'என் வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். பாவம், அவருக்குக் குதிரைன்னா உயிர்!'"