கபாலம் திறந்த அயர்ன் மாஸ்டர்

மனித மூளையை விரிய வைக்க உலகத்தில் எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காரியத்தைக் கையில் ஸ்டீம் அயர்ன் பெட்டியைப் பிடித்தபடி செய்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். திருப்பூர் அருள்புரத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் இருக்கும் பனியன் கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் கபாலம்.

"கண்ணு சிமிட்டாம பாருங்க சார், கபாலம் தொறக்குமுங்க" என்று தினமும் யாராவது ஒருவரைப் பிடித்துவைத்துச் சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது.

பார்க்கச் சொன்னது என்ன தெரியுமா? வீடியோ. வானவில்லை மிக்ஸியில் போட்டு அடித்த மாதிரி இருக்கும். பூவுக்குள் கண், கண்ணுக்குள் கோபுரம், கோபுரத்துக்குள் மறுபடி பூ என்று சுருள் சுருளாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பின்னணியில் யாரோ பல்வலியில் முனகுவது போல ஒரு சங்கீதம். கதை கிடையாது, சண்டை கிடையாது, முடிவும் கிடையாது. ஒருநாள் கபாலம் போனில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது முடிந்ததும் இது தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கு விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஸ்டீம் பைப்பில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, டீ வரும்போதெல்லாம் விரிந்துகொண்டிருப்பார்.

அவரிடம் அதற்கு ஒரு தத்துவமும் இருந்தது. "துணி சுருங்கிப்போனா நான் ஸ்டீம் வெச்சு நீவியுடறேன். காலைல கம்பெனிக்கு வர்றோம், சாயங்காலம் ஊட்டுக்குப் போறோம். இதுல மண்டைக்குள்ள எத்தன சுருக்கம் உளுந்திருக்கும்? அத எதுல நீவறதுங்க?"

நான் தலையைச் சொறிந்தேன். சுருக்கம் இருக்கிறதோ என்று தடவிப் பார்த்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

வீடியோவுக்குக் கீழே உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்திருக்கும் ஆங்கிலக் கருத்துகளைப் படித்துச் சொல்வது என் தலையில் விழுந்த வேலை. 'என் உடம்பை விட்டு வெளியேறிவிட்டேன், இப்போது நானே பிரபஞ்சம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். கபாலம் ஒரு காலரை நீவிவிட்டு, "பாவம், கலியாணமாகாதவரா இருக்கும்" என்றார்.

அதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்தச் சுருளை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால், எதிரில் அசையாமல் இருக்கும் பொருள்கூடக் கொஞ்ச நேரத்துக்கு முறுக்கிக்கொள்வது போலவோ, ஊதிக்கொண்டே வருவது போலவோ தெரியும். கண்ணுக்கு வரும் மயக்கம்தான். கேன்டீன் அக்கா ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்ச் சாம்பாரை என் தட்டுக்குப் பதிலாக என் மடியில் ஊற்றினார். பீகார்க்காரத் தையல்காரர் ஒருவர் பார்த்து முடித்து, தன் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கபாலத்துக்கோ இதெல்லாம் மண்டை திறக்க ஆரம்பித்ததற்கான அறிகுறி.

உலகத்துக்கே மண்டையைத் திறந்துவிட்டவருக்கு ஒரு கதவு மட்டும் திறக்கவே இல்லை. கல்யாணம். எங்கள் பக்கத்தில் முப்பத்தைந்தைத் தாண்டிய மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. தோட்டம் இருக்கா, சொந்த வீடு இருக்கா என்று கேட்கிற இடத்தில் இவர் கபாலம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தால் யார் கொடுப்பார்கள்? வந்த வரன்களெல்லாம் கம்பெனிப் பக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "பையன் ஏதாச்சும் போடறானுங்களா?" என்று என்னிடமே கேட்டார் ஒருவர். டீக்குச் சர்க்கரைகூடப் போடாத மனிதர் என்று சத்தியம் செய்தேன், நம்பவில்லை. ஒவ்வொரு வரன் போகும்போதும் கபாலம் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். அன்றைக்கு மட்டும் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குப் போகும்.

அந்த நிலையில் வந்தது குன்னத்தூர் வரன். பெண்ணும் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் தாய்மாமன் கம்பெனிக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்து பெண் பார்க்கிற வேலைதான். இது கைநழுவினால் இனிமேல் ஒன்றும் வராது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முதலாளியே என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு மட்டும் அவர் செல்போனைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கபாலம் பச்சைப்பிள்ளை போல ஒப்புக்கொண்டார்.

மாமன் வந்தார். வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தரம் பார்த்துக் கழிக்கிற க்யூசியாக இருப்பவர். தலைமுடி வகிட்டைக்கூட இன்ச் டேப் வைத்து எடுத்த மாதிரி ஆள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, முதலாளியும் மரியாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மாமன், போனில் என்னமோ பார்ப்பீர்களாமே என்று கேட்டார்.

நான் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கபாலத்துக்குப் பொய் வராது. "ஆமாங்க. உங்குளுது பெரிய போனாட்ட இருக்குது, அதுல பாத்தா இன்னும் நல்லா இருக்குமுங்க" என்றார்.

முடிந்தது. மாமனின் போனில் மாமனும் முதலாளியும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து பார்த்தார்கள். மாமன் நிமிர்ந்தார். எதிரே மேஜையில் அப்போதுதான் தேய்த்துப் போட்ட கோடு போட்ட டீ சர்ட். அவர் முகம் மாறியது.

"ஏனுங்க, இந்தப் பீசு முறுக்குதுங்களே. இது ஸ்பைராலிட்டி தானுங்களே?"

ஸ்பைராலிட்டி என்றால் துவைத்ததும் பக்கத்துத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடுகிற கோளாறு. அந்த வார்த்தையைக் கேட்டால் திருப்பூரில் எந்த முதலாளியும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எங்கள் முதலாளியும் அதே கண்ணோடு பார்த்தார். முறுக்கியது. வெளியே லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த பெட்டிகளை இறக்கச் சொல்லிக் கத்தினார். மாமன் அதற்குள் முழு க்யூசியாகிவிட்டார். லாட் மொத்தமும் ரிஜெக்ட் என்று அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தார். பெட்டிகளைக் கிழித்தோம். பீசை விரித்தோம். டேப் வைத்து அளந்தோம். தையல் எல்லாம் தண்டவாளம் போல நேராக இருந்தது.

கபாலம்தான் பேசினார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"பீசு முறுக்குலீங்க மாமா. உங்குளுக்குக் கபாலம் தொறந்துருச்சுங்க."

மாமன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் ஊரில் வரன் பார்க்க வந்தவர் பாதி டீயில் எழுந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முதலாளி பெட்டிகளை மறுபடி ஒட்டச் சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் டிராயரைத் திறந்து போனை நீட்டினேன். "இருக்கட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தேய்க்கப் போய்விட்டார். மறுநாளும் வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க டீ வரும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார். நான் எத்தனை தடவை அந்த மனிதரிடமிருந்து தப்பித்து ஓடியிருக்கிறேன்! இப்போது ஒரு தடவை கூப்பிடமாட்டாரா என்று இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஆபீஸ் நம்பருக்கு மாமன் கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். தொண்டையைக் கனைத்தார். இந்த இடம் வேண்டாம் என்பதற்குக் காரணமாக நடந்ததை வீட்டில் சொல்லியிருக்கிறார். பெண் விழுந்து விழுந்து சிரித்து, விக்கல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்திருக்கிறாள். "மாமனையே ஏமாத்துன வீடியோவ நானும் பாக்கோணுங்கறாளுங்க. அவரையே கொண்டாந்து காட்டச் சொல்றா" என்றார்.

டிராயரிலிருந்த போனை எடுத்துக் கபாலத்தின் கையில் திணித்து, முதலாளியோடு கம்பெனி வேனிலேயே குன்னத்தூர் போனோம். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று கொல்லைப்புறத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டார்கள். நாங்கள் முன்னறையில் காது கொடுத்துக் கேட்டோம். பேச்சுச் சத்தமே இல்லை. அந்தப் பல்வலி சங்கீதம் மட்டும் கேட்டது. முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பெண் எழுந்து வந்தாள். பின்னாலேயே கபாலம், தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி. "என்ன கண்ணு?" என்றார் அவளுடைய அப்பா.

அவள் திரும்பிக் கபாலத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவிய மூஞ்சி பெருசாயிட்டே வருதுங்கப்பா" என்றாள். அப்பா பதறி எழுந்துவிட்டார். "இருங்கப்பா. பாக்க நல்லாத்தான் இருக்குது."

மாமன் அன்றைக்கு முழு டீயும் குடித்தார்.

கல்யாணம் முடிந்து கபாலம் குன்னத்தூரிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துகொண்டார். எங்களிடம் கடைசி நாள் சொல்லிக்கொள்ள வந்தபோது நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காட்டுங்க மாஸ்டர் என்றேன். இத்தனை நாளில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். கபாலம் ஒன்றும் திறக்கவில்லை, கழுத்துதான் வலித்தது. நிமிர்ந்தேன். எதிரே நின்று ஆவலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கண்ணைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். எத்தனையோ தடவை தேய்த்துப் பார்த்துவிட்டேன். அந்த முகம் இன்னும் சுருங்கவில்லை.