பக்கத்து வேன் தேத்தண்ணி

மழை விடுவதற்குள் பக்கத்து வேன்காரனை ஒரு கை பார்த்துவிடுவது என்று மதுசூதனன் முடிவெடுத்தபோது காலை மணி எட்டு. நுவரெலியாவில் மழை விடுகிற மாதிரி இல்லை. ஆகவே அவகாசத்துக்குக் குறைவில்லை.

கட்டாரில் இருக்கும் மகன் பிரதாப், பெற்றோரின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளேயே வைத்த ஒரு வேனை மூன்று நாளைக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தான். தலவாக்கலையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் ஊருக்கு, வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த நேரம் பிடித்தது மழை. வாவிக்கரையில் வேன்கள் நிறுத்தும் இடத்தில் போட்டும், வாவி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னலில் தெரிந்தது அதே போன்ற இன்னொரு வேன் மட்டும்தான்.

வினை அங்கிருந்துதான் வந்தது.

மதுசூதனன் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அவர் நாக்கு சம்மதிக்காமல் ஒரு மூட்டை தூள்கூட வாசல் தாண்டாது. ஆனால் வீட்டில் தேத்தண்ணி போடும் கேத்தலைத் தொட்டதே இல்லை. மனைவி ஜீவராணி போட்டுத் தருவாள், அவர் குடித்துவிட்டுக் குறை சொல்வார். இருபத்தைந்து வருஷத்தில் அவள் போட்டது ஒரு கோப்பைகூடப் பாஸாகவில்லை. அன்று காலையும், "என்ன ராணி, வெந்நிக்குத் தூள தூரத்துல இருந்து காட்டுனியா?" என்றார்.

ஜீவராணி குடையை விரித்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வந்தாள்.

"பக்கத்து வேன்ல யோகேஸ்வரன்னு ஒருத்தரு. கொழும்பாம். பொண்டாட்டி போர்வைக்குள்ள இருக்கா, அவரே தேத்தண்ணி போட்டுக் கையில குடுக்குறாரு. எனக்கும் ஒரு வாய் குடுத்தாரு. அடடா."

மதுசூதனனுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்து அவள் ஒரு 'அட' கூடச் சொன்னதில்லை.

"கொழும்புக்காரனுக்கு என்ன தெரியும்? தேயிலச் செடிய பஸ்ஸுல இருந்து பாத்திருப்பான்."

"ஆனா போட்டாரே."

"நகரு. கேத்தல் எங்க?"

போட்டார். ஜீவராணி போர்வைக்குள் உட்கார்ந்து குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"அதென்ன 'தான்'?"

"ஒண்ணுமில்லைங்க. அவரு போட்டதுல ஒரு மணம் இருந்துச்சு."

மறுபடி போட்டார். இஞ்சி தட்டிப் போட்டார். பால் காய்ச்சிப் போட்டார். நடுநடுவே ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்துப் பார்த்தார். யோகேஸ்வரன் தன் மனைவிக்குக் குடை பிடித்து அழைத்துப் போனார். குடையில் முக்கால்வாசி மனைவிக்கு. பார்க்கப் பார்க்க இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குள் நாலு தடவை கேத்தல் கழுவி, இரண்டு தடவை நனைந்தபடி தண்ணீர் தூக்கியிருந்தார். ஜீவராணி போர்வையை விட்டு இறங்கவில்லை.

மத்தியானம் ஆனதும் பொறுக்க முடியவில்லை.

"இந்தா, இப்ப போட்டது. இத அவன்கிட்ட குடு. அவன் போட்டதுல ஒரு கப் வாங்கிட்டு வா. யாரு டீமேக்கர்னு என் நாக்கு சொல்லும்."

ஜீவராணி அந்தக் கோப்பையோடு வெறுங்கோப்பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து நீட்டினாள்.

மதுசூதனன் தொழிற்சாலையில் செய்வதுபோலச் சத்தமாக உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். ஜன்னலைத் திறந்து மழையில் துப்பினார்.

"இது தேத்தண்ணியா? தண்ணி கொதிச்சுக் கொதிச்சே செத்துப் போயிருக்கு. தூள் ஊறவே இல்ல. மணமாம் மணம். இத போட்டவன என் ஃபெக்டரி வாசல் கூட்டவும் விடமாட்டேன்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? ஃபெக்டரியில இருபத்தெட்டு வருஷம் ருசி பாத்த நாக்கு."

"அது நீங்க போட்டதுங்க," என்றாள் ஜீவராணி. "வேனுக்குப் பின்னால நின்னு கோப்பை மாத்தி ஊத்திக் கொண்டாந்தேன். காலையில நான் சொன்னதெல்லாம் சும்மா. அந்த மனுசன் தேத்தண்ணியே தொடமாட்டாராம். கோப்பிதான் குடிப்பாராம்."

மதுசூதனன் மெதுவாக இன்னொரு வாய் குடித்தார். பொறாமை இறங்கிய நாக்குக்கு அது அருமையாக இருந்தது.

"இப்ப குடிச்சா நல்லாத்தான் இருக்கு ராணி."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்தா, வீட்டுக்குப் போயும் தினம் நீங்களே போடுங்க. நல்லா இல்லாட்டி, பழகுற வரைக்கும் தினம் நீங்களே போடுங்க."

மதுசூதனன் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார். வழி இல்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

"உனக்குச் சீனி எத்தன கரண்டி?"